வாரண்டி அக்கா

போனை நூல்கண்டு டப்பாவின் மேல் சாய்த்து, ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு, வாரண்டி அக்கா மோட்டார் மிஷினின் பெடலில் கால் வைக்கிறாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்கிறது போன். "தெரியுது கண்ணு, அதான் எடுக்கவே மாட்டேங்கறீங்க" என்று அக்கா பதில் சொல்லிவிட்டுத் துணியை ஊசிக்கடியில் நகர்த்துகிறாள். பிறகு அந்த இசை தொடங்குகிறது. கொஞ்சம் பியானோ, கொஞ்சம் புல்லாங்குழல், முடியப்போவதுபோல் வந்து முடியாமல் மறுபடி முதலிலிருந்து. மற்றவர்கள் அதைக் கேட்டால் பல்லைக் கடிப்பார்கள். அக்காவின் கால் அந்தத் தாளத்துக்கே மிதிக்கிறது. பியானோவுக்கு நேர்த்தையல், புல்லாங்குழல் வரும்போது வளைவு. பள்ளிக்கூடச் சட்டையின் காலரை முடிப்பதற்குள் யாராவது போனை எடுத்துவிட்டால் அவளுக்கு லேசாக ஏமாற்றம்கூட உண்டு.

மனிதக் குரல் வந்துவிட்டால் மட்டும் கதை வேறு. ஊசியருகில் துணியை அழுத்திப் பிடித்திருக்கும் சின்ன இரும்புப் பாதத்தைச் சட்டென்று தூக்கிவிடுவாள். மிதிப்பதும் நிற்கும். "ஆள் வந்தாச்சுன்னா ஆளுக்குத்தான் மரியாதை" என்பது அவள் கட்சி.

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரை இப்போது மின்வாரியமும் அவள் கணவரும்தான் பயன்படுத்துகிறார்கள். கணவர் பேருந்து ஓட்டுநர். ராத்திரி வந்து சாப்பாட்டுத் தட்டோடு உட்காரும்போதும் மனைவி கழுத்தில் அளவு டேப் தொங்குவதைப் பார்த்து, "நானும் லைன்லதான் இருக்கேன். என் முறை எப்ப வரும்?" என்று கேட்பார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று அக்கா போன் குரலிலேயே சொல்லிவிட்டுக் குழம்பு ஊற்றுவாள்.

தெருவுக்குச் சோலார் வந்தபோதுதான் பட்டப்பெயரும் வந்தது. கம்பெனி பெயர் போட்ட சட்டையோடு ஓர் இளைஞன் வீடு வீடாக ஏறி இறங்கினான். எதைக் கேட்டாலும் முதலில் சிரிப்பான், பிறகுதான் பதில். மழை பெய்தால் என்ன ஆகும்? சிரிப்பு. பூனை ஏறி ஓடினால்? சிரிப்பு. "இருபத்தஞ்சு வருஷம் வாரண்டி மாமா. உங்க பேரன் கல்யாணத்துக்கு இந்தப் பேனல்லதான் சீரியல் லைட்டு எரியும்" என்று எதிர்வீட்டு மாமாவிடம் சொன்னான். மாமாவுக்கு அப்போது கல்யாணமாகாத மகள்தான் இருந்தாள். இருந்தாலும் மனசு குளிர்ந்து கையெழுத்துப் போட்டார். தெருவே அவனுக்குச் சிரிப்பு என்று பெயர் வைத்தது.

அக்கா அவனிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். "கெட்டுப்போனா யாரு வருவா?"

"நான்தான்க்கா வருவேன்" என்றான். அந்தத் தெருவில் அவன் சிரிக்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான். அக்கா அதை நம்பித்தான் தன் மொட்டை மாடியைக் கொடுத்தாள்.

விற்கும்வரை கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தவன், விற்ற பிறகு மணி அடித்து அடித்து ஓயும் ஒரு நம்பராகிப் போனான். எதிர்வீட்டு மாமாவின் இன்வெர்ட்டரில் ஒரு நாள் சிவப்பு விளக்கு எரிந்தது. மாட்டிய கம்பெனியைக் கேட்டால் பேனல் செய்த கம்பெனியைக் கேட்கச் சொன்னார்கள். பேனல் செய்தவர்கள், மாட்டியவர்களைக் கேட்கச் சொன்னார்கள். மாமா நடுவில் நின்று கத்தினார். அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஆகவே கத்தல் நன்றாகவே வரும். ஒவ்வொரு முறை கத்தும்போதும் போனை வைத்துவிட்டார்கள், அல்லது அவரே வைத்துவிட்டார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த இடத்திலும் கத்திக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து அக்கா போனை வாங்கினாள்.

"மாமா, சட்டை சரியில்லைன்னு எங்கிட்ட யாரு கத்தறாங்களோ, அவங்க சட்டையத்தான் நான் கடைசியா பிரிப்பேன். குடுங்க இங்க."

அன்று அவள் தைத்தபடியே லைனில் காத்திருந்தாள். குரல் வந்ததும் முதலில் பெயரைக் கேட்டாள், அடுத்து சாப்பிட்டாச்சா என்று கேட்டாள், பிறகுதான் சிவப்பு விளக்கைச் சொன்னாள். அந்த வாரத்திலேயே ஆள் வந்தது. மாமா இந்த அதிசயத்தைப் பால் வாங்கும் இடத்தில் சொன்னார். அப்புறம் கேட்கவா வேண்டும். தெருவில் எந்த மாடியில் எந்த விளக்கு அணைந்தாலும் அக்கா வீட்டு வாசலில் செருப்பு சேர்ந்தது.

குரலை வைத்தே ஆளுக்கு அளவு சொல்லும் கிறுக்கு ஒன்று அவளுக்கு உண்டு. "இது ஒல்லிக் கழுத்து. மேல் பட்டனப் போட்டாலும் தொளதொளன்னு நிக்கும்." "இந்தாளுக்கு வயிறு முன்னாடி வந்திருக்கு. சட்டை முன்பக்கம் தூக்கிக்கும்." புகார் பிரிவில் அடிக்கடி வாய்க்கும் ஒரு பெண்ணுக்குச் சின்னத்தோள் என்று பெயர் வைத்திருந்தாள். "பாவம், அது பேசறதைக் கேட்டாலே தெரியுது, தோள் ரெண்டும் உள்ள போயிருக்கு. நாளெல்லாம் ஊரான் திட்டை வாங்கினா வேற எப்படி இருக்கும்?" சரிபார்க்க வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம், அதாவது ரிப்பேருக்கு ஆள் நேரில் வந்தபோதெல்லாம், கணக்கு சரியாகவே இருந்திருக்கிறது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

உதவி கேட்டு வருகிறவர்களுக்கு அவள் போடும் கண்டிஷன் ஒன்றே ஒன்று. "ஆள் வர்றான்னு எதையும் சரிபண்ணி வெக்காதீங்க. எப்பவும் போல இருக்கட்டும்." இது தையலிலிருந்து வந்த சட்டம். சட்டை எங்கோ பிடிக்கிறது என்று மடித்துப் பையில் போட்டுக் கொண்டுவருகிறவர்களை அவள் திருப்பி அனுப்பிவிடுவாள். "போட்டுக்கிட்டு வாங்க. கையத் தூக்குங்க, குனிங்க, உக்காருங்க. எங்க பிடிக்குதுன்னு அப்பதான் எனக்குத் தெரியும். மடிச்சு வெச்ச சட்டை யாரையும் பிடிக்காது." மூன்றாம் வீட்டுக்காரி இந்தப் பேச்சைக் கேட்காமல், விருந்தாளி வருவதுபோலப் பேனலைத் தேய்த்துக் கழுவி, இன்வெர்ட்டரையும் ஒரு முறை அணைத்துத் திரும்பப் போட்டு வைத்தாள். வந்தவர் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாளே அது படுத்துவிட்டது. அதற்கப்புறம் அக்காவின் சட்டத்தைத் தெருவில் யாரும் மீறியதில்லை.

அவள் தன் தையலுக்குக் கொடுக்கும் உத்தரவாதமும் கேட்கத்தக்கது. "தையல் விட்டுப்போனா அது என் குத்தம், காசு கிடையாது. பையன் குண்டாயிட்டா அது அவன் குத்தம், காசு உண்டு. ரெண்டுக்கும் பிரிச்சுத் தைப்பேன். ஆனா ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்ப மாட்டேன்." இதற்காகவே எந்தத் துணியிலும் உள்பக்கம் ஒரு விரல் அகலம் அதிகமாக விட்டுத் தைப்பாள்.

இப்படிப்பட்டவளின் மாடியிலேயே மின்சாரம் பாதியாகக் குறைந்தது.

பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று முதன்முறையாக அவளிடம் சீருடை கொடுத்திருந்தது. சின்ன வகுப்புகளுக்கு மட்டும். அதை நேர்த்தியாகவும் நேரத்துக்கும் கொடுத்தால் வருகிற வருஷம் பள்ளி முழுவதும் அவளுக்கு. அதை நம்பி, கடையில் பார்ப்பது மாதிரி பெரிய நீராவி இஸ்திரி மேஜை ஒன்றை வாங்கிப் போட்டிருந்தாள். பகல் வெயில்தான் அதற்குத் தீனி. இப்போது அந்த மேஜை சூடேறுவதற்குள் மிஷின் திணறியது, மிஷின் ஓடினால் மேஜை ஆறியது. மடிப்பு விழாத கால்சட்டைகள் சுவரோரம் அடுக்காக ஏறிக்கொண்டிருந்தன. அக்காவோடு சேர்ந்து தைக்கிற நாத்தனார், பட்டன் வைத்துக்கொண்டே அந்த அடுக்கை ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

ஊருக்கெல்லாம் போன் போட்டவள் தனக்கும் போட்டாள். பேனல் செய்தவர்கள் மாட்டியவர்களைக் கைகாட்டினார்கள், மாட்டியவர்கள் பேனலைக் கைகாட்டினார்கள். அக்கா காலர்களைத் தைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு நாள் சின்னத்தோள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அக்கா, பேனல் கம்பெனியிலேருந்தே ஒரு சார் சோதனைக்கு வர்றாரு. நாளைக்குக் காலைல. மாட்டினவரும் கூட வருவாரு. ஒண்ணு சொல்றேன், நான் சொன்னதா இருக்க வேணாம். அவரு, வீட்டுக்காரங்க தப்பா உபயோகிச்சாங்கன்னு எழுதிட்டா, வாரண்டி மொத்தமா போயிடும். அப்புறம் நீங்க எத்தன காலர் தைச்சாலும் ஒண்ணும் நடக்காது."

"தப்பா உபயோகிக்க நாங்க என்ன அதுமேல ஏறிக் குதிச்சோமா?" என்று அக்கா சிரித்தாள். அதே சாரிடம் போனில் இரண்டு வார்த்தை பேசி நேரத்தையும் உறுதி செய்துகொண்டாள். போனை வைத்ததும் நாத்தனாரிடம், "பெரிய உடம்பு. கழுத்தே இல்ல, தலை நேரா தோள்மேல உக்காந்திருக்கு. நாற்காலி நல்லதா எடுத்துப் போடு" என்றாள்.

மறுநாள் காலை தண்ணீரில் ஊறிய துணி வாளியோடு அக்கா மாடியேறியபோது, நாத்தனார் மண்டியிட்டுப் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ கொலை நடந்த இடத்தில் தடயத்தை அழிப்பவள்போல் வேகமாக.

"என்னடி பண்ற?"

"தையல் சாக்பீஸ் அண்ணி. நீங்க கோடு போட்ட சாக்கு. கண்ணாடியில அப்படியே இருக்கு." அவள் நிமிர்ந்தாள். "அந்தப் பொண்ணு சொன்னது உங்களுக்கு உறைக்கலையா? தப்பா உபயோகிச்சாங்கன்னு. தினமும் நாம என்ன பண்றோம் இதுமேல?"

தையற்காரி வீட்டு மாடியில் என்ன நடக்கும்? புதுத் துணியை வெட்டுவதற்கு முன்னால் ஊறவைத்துச் சுருங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சட்டை பொம்மைச் சட்டை ஆகிவிடும். ஊறிய துணியைக் கொடியில் போட்டால் கோணிக்கொள்ளும், தரையில் போட்டால் மண். பேனல் அளவாகச் சாய்ந்த, சூடான, வழவழப்பான கண்ணாடி. அதில் விரித்தால் இஸ்திரி போட்டதுபோல் காயும். காய்ந்ததும் அங்கேயே சாக்கால் ஒரு கோடு இழுத்துக்கொள்ளவும் வசதி. பேனல் வந்த நாளிலிருந்தே காலையில் கீழ் வரிசை முழுவதும் துணிதான். இதைவிட நல்ல மேஜை உலகத்தில் இல்லை என்று அக்கா சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறாள்.

வாளியைக் கீழே வைத்தாள். தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்தாள். இத்தனை மாதம் எத்தனை பேரிடம், எவ்வளவு நிதானமாக, எவ்வளவு மரியாதையாக, உங்கள் பேனல்தான் சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள். சின்னத்தோள் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அதெல்லாம் நினைவுக்கு வர, காது மடல் சூடானது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அதைத் துணி போட்டு மூடிய கை அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

"இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்றாள் நாத்தனார். "துடைச்சுட்டா ஒண்ணும் தெரியாது. வாளியக் கீழ எடுத்துட்டுப் போங்க. கேட்டா, துணியா, என்ன துணின்னு கேப்போம்."

அக்கா எழுந்தாள். வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிழிந்து, உதறி, கீழ் வரிசையில் விரித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"அண்ணி! உங்களுக்கென்ன பைத்தியமா?"

"எப்பவும் போல இருக்கட்டும்."

"அது ஊருக்குச் சொல்றது!"

"ஊரு நம்மகிட்டத்தான கேட்டுக்குது? இந்தா, அந்த நுனியப் பிடி." நாத்தனார் பிடிக்கவில்லை. அக்கா தானே சுருக்கத்தை நீவிவிட்டாள். "இதாலதான் கெட்டுச்சுன்னா அதுவும் எனக்குத் தெரியணும்ல? புதுசு மாட்டிக் குடுத்துட்டுப் போவாங்க, நான் அதுமேலயும் விரிப்பேன். அப்புறம்? மறுபடி அந்தப் பாட்டக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கவா?"

"பள்ளிக்கூடத்து ஆர்டர் போயிடும் அண்ணி."

அக்கா கடைசித் துணியையும் விரித்தாள். சாக்கை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள்.

கீழே கதவு தட்டும் சத்தம் கேட்டது. இறங்கிப் போய்த் திறந்தால், நாற்காலியைப் பாதிகூட நிரப்பாத ஒரு மனிதர், தொண்டையில் மட்டும் அண்டாவை வைத்துக்கொண்டு நின்றார். ஒடிசலான உடம்பு, நீளக் கழுத்து. "நான்தாம்மா நேத்து போன்ல பேசினவன்" என்று அந்தப் பெரிய குரல் அந்தச் சின்ன உடம்பிலிருந்து வந்தபோது, அக்காவின் தன்னம்பிக்கைக்கு அன்றைய முதல் அடி விழுந்தது. நாத்தனார் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பின்னால், பேனலை மாட்டிய சிரிப்பு நின்றான். வணக்கத்துக்குப் பதில் சிரித்தான்.

மாடியில் முதலில் துணியைப் பார்த்தவனும் அவன்தான். முகத்தில் ஒரு பெரிய நிம்மதி பரவியது. "பாத்தீங்களா சார்? பாத்தீங்களா? இதுக்குமேல நான் என்ன சொல்ல? பேனலத் துணிக்கொடியா ஆக்கி வெச்சிருக்காங்க." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

சோதனைக்காரர் சிரிக்கவில்லை. துணியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அவள் காதில் இருந்த சாக்கைப் பார்த்தார். "இது தினமும் உண்டா?"

"தினமும் உண்டு சார். மழை நாள்ல இல்ல."

"எந்நேரம்?"

"வெயில் வந்ததும் விரிப்பேன். பதினொரு மணி வாக்குல காஞ்சிடும், எடுத்துடுவேன்."

அவர் பையிலிருந்து ஒரு சின்னத் திரையை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். அதில் இரண்டு கோடுகள். "இது உங்க மாடிதான். எங்க ஆபீஸ்லயே தெரியும். கீழ இருக்கற கோடு கீழ் வரிசை. தினமும் காலைல பள்ளத்துல விழுந்து, பதினொரு மணிக்கு எழுந்திருக்குது. என்னமோ போட்டு மூடறீங்கன்னு எனக்கு அங்க இருந்தப்பவே தெரியும்." அண்டாக் குரல் சற்று இறங்கியது. "எல்லா வீட்லயும் கேப்பேன். எல்லாரும் இல்லவே இல்லம்பாங்க. நீங்களும் இல்லைன்னு சொல்லியிருந்தா, மேற்கொண்டு எதையும் பாத்திருக்கவே மாட்டேன். அப்படியே கீழ இறங்கி உக்காந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பேன்."

நாத்தனார் தன் கையில் இருந்த ஈரத் துடைதுணியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"எடுங்கம்மா எல்லாத்தையும்" என்றார். அக்கா துணிகளைச் சுருட்டி எடுக்க எடுக்க, திரையில் கீழ்க்கோடு எழுந்து நின்றது. அவர் இன்னொரு கோட்டின்மேல் விரலை வைத்தார். அது எழவில்லை. சுவரோரம் கிடக்கும் இஸ்திரி போடாத கால்சட்டைபோல் தொய்ந்தே கிடந்தது.

"மேல் வரிசையில என்னைக்காவது போட்டிருக்கீங்களா?"

"எனக்குக் கை எட்டாது சார்."

"எங்க அண்ணி உயரத்தப் பாத்தா தெரியலையா சார்?" என்றாள் நாத்தனார். "கீழ் வரிசையோட மேல் விளிம்புக்கே நுனிக்காலுல நிக்கறாங்க."

சோதனைக்காரர் முழங்காலிட்டு, பிறகு மல்லாந்து, மேல் வரிசைக்கு அடியில் தலையை நுழைத்தார். கொஞ்ச நேரம் அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது. பிறகு உள்ளிருந்து, "இங்க வாப்பா" என்றது குரல். சிரிப்பு குனிந்து உள்ளே பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

இரண்டு ஒயர்களைச் சேர்க்கும் கறுப்புக் கனெக்டர் உருகி, ஒரு பக்கம் பழுப்பாகி, கரிந்த நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பாதி ஒரு கம்பெனியுடையது, மறுபாதி வேறு கம்பெனியுடையது. ஒன்றுக்குள் ஒன்றை அழுத்தி உட்கார வைத்திருந்தான்.

"பெட்டியில வந்தது தீந்துபோச்சு சார்" என்றான். குரல் மறுபடி ஒருமுறை சிரிப்பில்லாமல் தனியாக வந்தது. "அன்னைக்கே முடிச்சுக் குடுக்கணும்னு கைல இருந்ததப் போட்டேன். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். உக்காந்துச்சு, டிக்குன்னு சத்தமும் வந்துச்சு."

"பிரஸ் பட்டன் மாதிரி" என்றாள் அக்கா. அவளை அறியாமல் வந்துவிட்டது. "ஒரு அட்டையில மேல் பட்டன், இன்னொரு அட்டையில கீழ் பட்டன். உக்காரும். டிக்குன்னும் கேக்கும். கடைவீதி நடுவுலதான் தெறிக்கும்."

"தெறிச்சா பரவால்லம்மா. இது தீப்பிடிக்கும்" என்று எழுந்து, முதுகுத் தூசியைத் தட்டினார் சோதனைக்காரர். அப்படியே அக்கா பக்கமும் திரும்பினார். கீழ் வரிசையில் ஒரு பேனலைக் காட்டினார். கண்ணாடிக்கு அடியில் சின்னதாக ஒரு பழுப்புப் புள்ளி. "இது உங்க வேலை. பாதி மூடி பாதி வெயில்ல விட்டா உள்ள சூடேறி இப்படித்தான் ஆகும். இதுக்கெல்லாம் எங்ககிட்ட வாரண்டி கிடையாது. படிச்சுப் படிச்சு எழுதியிருக்கோம், கண்ணாடிமேல எதையும் போடாதீங்கன்னு."

அக்கா அந்தப் புள்ளியைக் குனிந்து பார்த்தாள். துணியில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தடம் மாதிரியே இருந்தது. அவள் மறுத்துப் பேசுவாள் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"என் தப்புதான் சார். அப்படியே எழுதுங்க. அந்தப் பேனல மாத்த வேணாம்." நிமிர்ந்தாள். "மேல இருக்கறது இவரு தப்பு. அதையும் அப்படியே எழுதுங்க. ரெண்டையும் ஒரே தையல்ல சேத்துடாதீங்க. சேத்தீங்கன்னா நாளைக்கு எதப் பிரிக்கறதுன்னு யாருக்கும் தெரியாது."

சோதனைக்காரர் பேனாவை எடுத்தார். இரண்டு பத்தியாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு, இந்தத் தெருவில் வேறு எத்தனை மாடிக்கு அதே பெட்டியோடு போனாய் என்று சிரிப்பைக் கேட்டார். அவன் கைப்பிடிச் சுவர் வழியாக எதிர்வீட்டு மாமாவின் மாடியைப் பார்த்தான். அடுத்ததைப் பார்த்தான். அதற்கும் அடுத்ததைப் பார்த்தான்.

"சரி விடுங்க" என்றாள் அக்கா அவனிடம். "கெட்டுப்போனா யாரு வருவான்னு கேட்டேன், நான்தான் வருவேன்னீங்க. வந்துட்டீங்க. கொஞ்சம் சுத்திக்கிட்டு வந்தீங்க, அவ்வளவுதான். இத எப்ப மாத்தித் தருவீங்க?"

"நாளைக்கேக்கா."

"எந்த நாளைக்கு?"

நாத்தனார் சத்தமாகச் சிரித்தாள். சோதனைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொண்டையைச் செருமினார், அது மாடி முழுக்க எதிரொலித்தது. கடைசியில் சிரிப்புக்கும் சிரிப்பு வந்தது. பழைய சிரிப்பு இல்லை, காதோரம் கொஞ்சம் சிவந்த சிரிப்பு. "நாளைக்குக் காலைல. நீங்க வாளியத் தூக்கிக்கிட்டு வர்றதுக்குள்ள இங்க நிப்பேன்."

நின்றான். அந்த வாரம் முழுவதும் தெருவில் ஒவ்வொரு மாடியாக அவன் தலை தெரிந்தது. எதிர்வீட்டு மாமா ஏணியடியில் நின்று, பாடம் நடத்தும் தோரணையில், எந்தக் கனெக்டர் எந்தக் கம்பெனி என்று மேலே நோக்கிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா வீட்டு இஸ்திரி மேஜை பெருமூச்சு விடத் தொடங்கியது. சுவரோர அடுக்கு குறைந்து, மடிப்பு கத்திபோல் நிற்கும் கால்சட்டைகள் பள்ளிக்குப் போயின. துணி காயப்போட, பேனலுக்கு நிழல் விழாத மூலையில் பழைய கதவு ஒன்றைச் சாய்த்துப் போட்டிருக்கிறாள். கண்ணாடி அளவுக்கு வராது என்று தினமும் ஒரு முறையாவது குறைப்படுகிறாள். அந்தப் பழுப்புப் புள்ளியை, மாடிக்கு வருகிற எல்லோருக்கும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறாள். "இது நான் போட்டது" என்பாள், ஏதோ கையெழுத்தைக் காட்டுவதுபோல.

பள்ளி முழுவதற்கும் அளவெடுக்கச் சொல்லித் தகவல் வந்த அன்று பிற்பகல், அவளுடைய போன் தானாக அடித்தது. தெரியாத நம்பர்.

"அக்கா, நான்தான்க்கா. கம்பெனியிலேருந்து. இது என் சொந்த நம்பர்."

அக்கா இரும்புப் பாதத்தைத் தூக்கினாள். "சின்னத்தோளா?"

"என்னதுக்கா?"

"ஒண்ணுமில்ல, சொல்லு கண்ணு. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா. எங்கம்மா வீட்டுல சோலார் போட்டிருக்கு. எங்க கம்பெனி இல்ல, வேற. மூணு மாசமா ஓடல. நானும் போன் போட்டுப் பாத்துட்டேன்." குரல் தாழ்ந்தது. "நாளெல்லாம் இதே வேலைதான் பாக்கறேன், எனக்கே அந்தப் பக்கம் நிக்கத் தெரியலக்கா. நேத்து கத்திட்டேன்."

"கத்தினியா?"

"நல்லாவே கத்திட்டேன்."

"போச்சு. உங்கம்மா பேரு இப்ப அடியில கிடக்கும்." அக்கா டேப்பைக் கழுத்தில் சரிசெய்துகொண்டாள். "அம்மாகிட்டச் சொல்லு, பேனலத் துடைக்க வேணாம், எதையும் தொட வேணாம், எப்பவும் போல இருக்கட்டும்னு. அந்தக் கம்பெனி நம்பரச் சொல்லு."

எண்ணைத் துணியிலேயே சாக்கால் குறித்துக்கொண்டு போனை வைத்தாள். வெட்டி வைத்திருந்த காலர்களில் மேலே கிடந்ததை எடுத்து ஊசிக்கடியில் நகர்த்தினாள். குறித்த எண்ணை அழுத்தி, போனை நூல்கண்டு டப்பாவின் மேல் சாய்த்து, ஸ்பீக்கரைத் திறந்துவிட்டாள். இவர்களுக்கும் அவளுடைய அழைப்பு மிகவும் முக்கியமாகத்தான் இருந்தது. பிறகு இசை வந்தது. பியானோ இல்லை, புல்லாங்குழல் இல்லை, ஏதோ மத்தளமும் கிடாருமாக வேறு மாதிரி. அக்கா இரும்புப் பாதத்தை இறக்கினாள். அவள் கால் பெடலுக்கு மேல் அந்தரத்தில் நின்று, தலை ஒரு பக்கம் சாய்ந்து, புதுத் தாளம் எங்கே விழுகிறதென்று கொஞ்ச நேரம் தேடியது. பிறகு மிதித்தது.